போல்ட்டின் ஓனர்

இந்த வாரத்தில் இது நான்காவது போன். தேவிப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டால் முதலில் சாப்பாட்டை விசாரிப்பாள், அடுத்து மாத்திரையை விசாரிப்பாள், மூன்றாவதாகத்தான் நாய்க்கு வருவாள். இன்றைக்கு முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக நாய்க்கே வந்துவிட்டாள்.

"அம்மா, இன்னைக்குப் பன்னெண்டாம் தேதி. பதினாலோட போல்ட்டுக்குப் பத்து வயசு முடியுது. அதுக்கு அப்புறம் எந்தக் கம்பெனிக்காரனும் புதுசா பாலிசி தரமாட்டான்."

"தெரியும்டி."

"தெரியும் தெரியும்னே ஒரு மாசத்த ஓட்டிட்ட. என் பிரெண்டு வீட்டு நாய் சாக்ஸை முழுங்கிடுச்சு. வயித்தக் கிழிச்சு எடுத்தாங்க. எண்பதாயிரம் ஆச்சு. இன்சூரன்ஸ் இருந்ததால அவ தப்பிச்சா."

"நம்ம வீட்டுல சாக்ஸ் போடுற ஆளே இல்லையே" என்றாள் சுசீலா.

வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தாள். வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது வேறு மாதிரி கேட்டது. மகள் சாக்ஸ் பேச்சை அதோடு விட்டுவிட்டாள். பிறகு, "இன்னைக்கு கிளினிக் போயிட்டு வந்துடும்மா, ப்ளீஸ். பணம் நான் கட்டுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு போல்ட் படுத்திருந்தது. அதைத் தாண்டாமல் அந்த வீட்டில் யாரும் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க முடியாது. சுசீலாவுக்கு ஐம்பத்தாறு வயது, இரண்டு முட்டியிலும் வலி. ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த நாயைத் தாண்டினாள். நகர்ந்து படு என்று சொன்னால் அது வாலை மட்டும் அசைக்கும். அவளும் அதோடு விட்டுவிடுவாள். இப்போதெல்லாம் எதையும் இரண்டாவது தடவை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

நாயைக் கொண்டுவந்தவன் அவளுடைய புருஷன் பால்ராஜ். ஆவடி டாங்கி பேக்டரியில் ஃபிட்டர். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆயுத பூஜை அன்றைக்கு, பொரியும் கடலையும் வாங்கி வரப் போனவன் அந்தப் பையிலேயே ஒரு குட்டியையும் போட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தான். அப்பன் லேப்ரடார், அம்மா பேக்டரி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பன் தின்னுகிற சாதி. "கையில எடுத்தா நழுவி நழுவிப் போவுது, நம்ம பேக்டரி போல்ட்டு மாதிரி" என்று அவனே பெயரும் வைத்தான். அதைக் குளிப்பாட்டுவது, ஊசிக்குக் கூட்டிப்போவது, தயிர்ச் சோற்றில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு ஏமாற்றுவது எல்லாம் அவன் வேலை. சுசீலாவுக்கும் நாய்க்கும் இருந்தது ஒரு மரியாதையான தூரம். அவன் போன பிறகு தூரமும் போயிற்று, மரியாதையும் போயிற்று. சாத்தான்குளத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்து முப்பது வருஷம் இருந்த குவார்ட்டர்ஸைக் கெடு முடிவதற்குள் காலி செய்து, சேக்காட்டில் ஒரு கீழ்வீட்டை வாடகைக்குப் பிடித்தபோது அவளோடு வந்த உயிருள்ள பொருள் அது ஒன்றுதான்.

இன்சூரன்ஸ் வேண்டாம் என்று அவள் மகளிடம் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. நாய்க்கெல்லாம் இன்சூரன்ஸா என்று சிரிக்கிற ஆளும் இல்லை அவள். வருஷத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் அதிகமா, குறைவா, அதைக் கட்டினால் திரும்பி வருமா என்ற கணக்கெல்லாம் மகள் போட்டுச் சொல்லிவிட்டாள், அதிலும் குறை ஒன்றும் இல்லை. அவளுக்கு இருந்த பயம் வேறு. இன்சூரன்ஸ் பணம் தராமல் போய்விடுமோ என்று ஊரே பயப்படும். சுசீலாவுக்கு அது தந்துகொண்டே இருக்குமே என்று பயம்.

போன வருஷம் பால்ராஜுக்கு ஈரலில் ஆரம்பித்தது. தேவிப்பிரியாவின் கம்பெனி அப்பா அம்மாவுக்கும் சேர்த்து ஒரு பாலிசி கொடுத்திருந்தது. நல்ல பாலிசி, குறை சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரி, ஏசி ரூம், பிறகு ஐசியூ. முப்பத்தெட்டு நாள். ஒவ்வொரு புது வைத்தியத்துக்கும் ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்பெனிக்கு எழுதுவார்கள், கம்பெனி சரி என்று மகளின் செல்லுக்கு மெசேஜ் அனுப்பும். உடனே தேவிப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவாள். "அப்ரூவல் வந்துருச்சும்மா!" பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்குப் பேசிய அதே குரல். வயிற்றில் நீர் எடுக்க அப்ரூவல் வந்தது. டயாலிசிஸுக்கு வந்தது. தொண்டையில் குழாய் போட வந்தது. கடைசியில் ஒன்று, அவன் போய்ச் சேர்ந்து இரண்டு மணி நேரம் கழித்து வந்தது.

குழாய் போடுவதற்கு முன்னால் பதினோரு நாள் அவனுக்குப் பேச்சு இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளை உள்ளே விடுவார்கள். பதினோரு நாளும் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "போதும் சுசீ. வீட்டுக்குப் போவோம்." அவள் தினமும் முடிவு பண்ணிக்கொண்டு கீழே இறங்குவாள், இன்றைக்கு மகளிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று. லிப்ட் கீழே வருவதற்குள் போன் அடிக்கும். அந்தக் குரலைக் கேட்டால் அவளுக்கு நாக்கு எழும்பாது. அப்பனைக் காப்பாற்ற ஒற்றைக் காலில் நிற்கிற பெண்ணிடம், போதும் விட்டுவிடு என்று எந்தத் தாய் சொல்லுவாள்? அவள் சொல்லவில்லை. பதினான்கு மாசமாக அந்தச் சொல்லாத சொல் நெஞ்சுக்குள் கிடக்கிறது, மகள் மேல் ஒரு கோபமாக. மகளுக்கு அது தெரியாது. இவளும் தெரியவிடவில்லை.

இப்போது அதே மகள், அதே கையோடு, நாய்க்கும் ஒரு பாலிசி போடச் சொல்கிறாள்.

பத்து மணிக்கு கஜபதி ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். சேக்காட்டுப் பூர்வீகக்காரன், முப்பாட்டன் காலத்திலிருந்து நெல் விதைத்த குடும்பம். நிலம் பிளாட்டான பிறகு பயலுக்கு ஆட்டோ. நாயை ஏற்ற சம்மதிக்கிற ஒரே ஆட்டோ அந்தத் தெருவில் அவனுடையதுதான். போல்ட் பின்சீட்டில் தானாக ஏறிக்கொண்டது. சுசீலாதான் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருந்தது.

"இன்னா யக்கா, போல்ட்டுக்கு ஊசியா?"

"ஊசி இல்லப்பா. இன்சூரன்ஸ் போடணுமாம்."

கஜபதி கண்ணாடியில் அவளைப் பார்த்தான், பிறகு நாயைப் பார்த்தான். "நாய்க்கா? இன்னாக்கா சொல்றே! என் வண்டிக்கு எப்சி காட்றதுக்குள்ளயே எனுக்கு நாக்கு தள்ளுது. நீ நாய்க்குப் போடப் போறியா?"

"பிள்ள ஆசப்படுதா."

"போடு, போடு. எங்கூட்ல கூட மாட்டுக்குப் போட்டுகீறோம்." ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். "நான் சின்னப் பையன். எங்க நைனா கறவ மாட்டுக்கு இன்சூரன்ஸ் கட்ட்ச்சு. மாட்டுக் காதுல மஞ்ச கலர்ல ஒரு வில்லய குத்திட்டுப் பூட்டானுங்கோ. அந்த வருசமே மாடு காச்ச வந்து பூட்ச்சு. துட்டு வோணும்னா வில்லய காதோட எட்த்தாந்து காட்டுன்னுட்டானுங்கோ. எங்க நைனா கத்திய எட்த்துகினு போயி மாட்டாண்ட குந்திச்சு பாரு, ஒரு மணி நேரம். அறுக்க மன்சு வர்ல. அப்டியே பொதச்சிட்டு ஊட்டுக்கு வந்துட்ச்சு."

"நல்ல மனுசன்" என்றாள் சுசீலா.

"இன்னா நல்ல மனுசன்? நாங்க நாலு பசங்க, அந்த வருசம் பூரா கஞ்சிதான். எங்கம்மா சாவுற வரிக்கும் அத்த சொல்லி சொல்லித் திட்டிகினே இர்ந்துச்சு. செத்த மாட்டுக்குக் காது எதுக்குக்கா? அத்தக் குட்த்துட்டு வாங்கிகினா எங்க வயிறு ரொம்பியிருக்கும்." கேட் திறந்தது. கிக்கரை இழுத்துக்கொண்டே சொன்னான்: "துட்டு குடுக்குறவன் கேக்குறத நாம குட்த்துத்தான் ஆவணும். அதுக்கு நெஞ்சு இர்ந்தா போடு, இல்லாங்காட்டி உட்டுடு."

சுசீலா போல்ட்டின் காதைத் தடவினாள். கஜபதி சொன்ன இரண்டுமே அவளுக்குச் சரி என்று பட்டது. எது சொன்னாலும் சரி என்று படுவதுதான் அவளுக்கு இப்போது வியாதி.

கிளினிக்கில் கூட்டம் இல்லை. கூடைக்குள் ஒரு பூனை, மடியில் ஒரு பொமரேனியன், அவ்வளவுதான். முன் மேஜையில் இருந்த காவ்யா என்கிற பெண் இருபத்திரண்டு வயதுச் சுறுசுறுப்போடு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்தாலே சுசீலாவுக்கு அலுப்பாக இருந்தது. தேவிப்பிரியா முதல் நாளே போன் பண்ணி எல்லாவற்றையும் பேசி வைத்திருந்தாள் போல. காவ்யா போல்ட்டை இடது பக்கம் ஒரு போட்டோ, வலது பக்கம் ஒரு போட்டோ, மூக்கை மட்டும் தனியாக ஒன்று என்று எடுத்தாள். ஊசி போட்ட புத்தகத்தைப் புரட்டியவள் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, உங்க ஆதார்ல சுசீலான்னு இருக்கு. புக்ல ஓனர் பால்ராஜ்னு இருக்கே. மேட்ச் ஆகலன்னா ஆப் எடுக்காது."

"அது எங்க வீட்டுக்காரர். இறந்துட்டாங்க."

"அச்சோ." அந்தப் பெண் நிஜமாகவே வருத்தப்பட்டாள். "அப்போ ஓனர் பேர மாத்தணும் ஆன்ட்டி."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சுசீலாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பதினான்கு மாசமாக அவள் செய்துகொண்டிருந்த ஒரே உத்தியோகம் பெயர் மாற்றுவது. குடும்பப் பென்ஷனுக்கு மாற்றினாள், பேங்கில் மாற்றினாள், கேஸ் கனெக்‌ஷனுக்கு மாற்றினாள், அவனுடைய ஸ்கூட்டருக்கு மட்டும் நான்கு தடவை ஆர்டிஓ ஆபீஸ் போனாள். எந்தக் கவுண்டரில் என்ன கேட்பார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். "நாயைக் கொஞ்சம் பாத்துக்கோ பிள்ள, அரை மணியில வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு, வெளியே பீடி பற்ற வைத்திருந்த கஜபதியைக் கூப்பிட்டு மறுபடியும் ஆட்டோ ஏறினாள்.

அரை மணி நேரத்தில் பச்சை பிளாஸ்டிக் பைலோடு திரும்பி வந்தபோது மைதிலி டாக்டர் அவளுக்காகக் காத்திருந்தார். மேஜையில் போல்ட் நின்றுகொண்டிருந்தது. சுசீலா பைலைத் திறந்து, பழக்கப்பட்ட கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இறப்புச் சான்றிதழ் நகல், கையெழுத்துப் போட்டது. வாரிசுச் சான்றிதழ் நகல், கையெழுத்துப் போட்டது. ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. ஸ்கூட்டருக்காக தேவிப்பிரியா எழுதிக் கொடுத்த, தனக்கு ஆட்சேபணை இல்லை என்கிற கடிதம்.

டாக்டர் வாரிசுச் சான்றிதழை எடுத்துப் படித்தார். மனைவி சுசீலா, மகள் தேவிப்பிரியா.

"இதுல நாய் பேரு இல்ல டாக்டர்" என்று சுசீலா முந்திக்கொண்டாள். "தாசில்தார் ஆபீஸ்ல அப்ப கேக்கல. கடிதத்துலயும் ஸ்கூட்டர்னுதான் இருக்கு. நாய்க்குத் தனியா வேணும்னா பிள்ளகிட்ட எழுதி வாங்கிடலாம்."

காவ்யா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஊசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பால்ராஜ் என்ற பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் சுசீலா என்று எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்தார்.

"இவ்வளவுதாம்மா."

அவளால் நம்ப முடியவில்லை. பதினான்கு மாசத்தில் ஒரு ஆபீஸ்கூட இவ்வளவு சுலபமாக எதையும் அவள் பெயருக்குத் தந்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தபோது, இத்தனை கவுண்டர்களில் வராத அழுகை இங்கே வந்தது. அடக்கிக்கொண்டு காகிதங்களைத் திரும்பப் பைலில் அடுக்கினாள். அடுக்கி முடிக்கும்வரை டாக்டர் நாயின் காதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கான்" என்றார் பிறகு. "கண்ணு லேசா வெள்ளை விழுது. பின்னங்கால் முட்டி தேயுது. எல்லாம் வயசு."

"எனக்கும் அதேதான் டாக்டர்."

"வெயிட்டக் குறைங்க. அவனுக்குச் சொல்றேன்."

சுசீலா சிரித்தாள். பிறகு, ஒரு மாசமாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று இருந்ததைக் கேட்டாள். "இந்த இன்சூரன்ஸ் போடலாமா டாக்டர்? உங்க வீட்டு நாயா இருந்தா போடுவீங்களா?"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "உள்ளதச் சொல்லணும்னா, ஊசி, பூச்சி மருந்து, பல்லு, இதுக்கெல்லாம் இது தராது. ஏற்கனவே இருக்கிற முட்டிவலிக்கும் தராது. பெரிய ஆபரேஷன், ஆக்சிடென்ட், கேன்சர், இந்த மாதிரி வந்தா தரும். இந்த வயசுல அது வரலாம், வராமலும் போகலாம். கையில பணம் இருக்கிறவங்களுக்குத் தேவையில்ல. பணம் இல்லாததால வைத்தியம் பாக்க முடியலையேன்னு பின்னால வருத்தப்படுவீங்கன்னா போடுங்க."

"பாத்ததுக்காக வருத்தப்பட்டா?"

டாக்டருக்குச் சட்டென்று புரியவில்லை. சுசீலா நாயின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இல்ல, வைத்தியம் போயிக்கிட்டே இருந்தா, போதும்னு யாரு சொல்லுவாங்க? நீங்க சொல்லுவீங்களா, கம்பெனிக்காரன் சொல்லுவானா?"

"இனிமே இதுக்குக் கஷ்டம்தான்னு நான் சொல்லுவேன். கம்பெனி ஒண்ணும் சொல்லாது, பில்லைப் பாக்கும். போதும்னு ஓனர்தாம்மா சொல்லணும்." ஊசிப் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். "வேற யாராலயும் சொல்ல முடியாது."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள் சுசீலா. காவ்யா டேப்லெட்டில் விரலை ஓட்டி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். பாலிசி தொடங்கி முப்பது நாளைக்குள் வியாதி வந்தால் கிடையாது. தொலைந்துபோனால் விளம்பரச் செலவு உண்டு. நாய் யாரையாவது கடித்துவிட்டால் அதற்கும் உண்டு. போல்ட் யாரைக் கடிக்கப்போகிறது, எழுந்து போனால்தானே கடிப்பதற்கு என்று சுசீலா நினைத்துக்கொண்டாள்.

"பெரிய ட்ரீட்மென்ட்னா நீங்க முன்னாடி காசு கட்ட வேணாம் ஆன்ட்டி. நாங்க இங்கருந்து கம்பெனிக்கு அனுப்புவோம். ஒரு மணி நேரத்துல போன்லயே அப்ரூவல் வந்துடும்."

சுசீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாரு போனுக்கு?"

"அக்கா நம்பர்தான் குடுத்திருக்காங்க. கோயம்புத்தூர் அக்கா. இப்போ ஓடிபி கூட அவங்களுக்குத்தான் போயிருக்கு. அவங்க சொன்ன உடனே முடிஞ்சிடும்."

சொல்லி வாய் மூடவில்லை, சுசீலாவின் பையில் போன் அடித்தது.

"ஓடிபி வந்துருச்சும்மா!" என்றாள் தேவிப்பிரியா.

அதே குரல். ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. சுசீலா போனைக் காதில் வைத்தபடியே எழுந்து வாசல் படிக்கு வந்தாள். போல்ட்டும் கூடவே வந்து படியை அடைத்துப் படுத்தது.

"ஏட்டி, அந்த நம்பரச் சொல்லாத."

"என்னம்மா?"

"சொல்லாதன்னு சொல்லுதேன். உன் போனுக்கு வரவேண்டாம். என் நம்பரப் போடணும்."

"யார் நம்பரா இருந்தா என்னம்மா? நீ மெசேஜே பாக்க மாட்ட. ஏதாவது எமர்ஜென்சின்னா…"

"பாப்பேன். வைத்தியம் வேணும்னாலும் நான் சொல்லணும், போதும்னாலும் நான் சொல்லணும். நாய் என் பேருல இருக்கு. இப்பத்தான் டாக்டர் எழுதுனாங்க."

"போதும்னாவா? ட்ரீட்மென்ட் குடுக்கத்தானேம்மா போடறோம்?"

"அப்பாவுக்கும் அப்பிடித்தான போட்ட."

சொல்லிவிட்டாள். பதினான்கு மாசமாக எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து ஒத்திகை பண்ணிய விஷயம், கிளினிக் படியில், ஆட்டோ ஹாரன் சத்தத்துக்கு நடுவில், இவ்வளவு மொட்டையாக வந்து விழுந்தது. அந்தப் பக்கம் யாரோ ஆபீஸில் சிரிப்பது கேட்டது. பிறகு ஒரு கதவு மூடுகிற சத்தம்.

"இப்ப ஏம்மா அப்பாவ இழுக்கற?"

"அப்பா வீட்டுக்குப் போவோம்னு சொன்னாங்க."

"எப்ப?"

"குழாய் போடுறதுக்கு முன்னால. பதினோரு நாளு. நான் உள்ள போனா அது ஒண்ணுதான் பேச்சு. போதும் சுசீ, வீட்டுக்குப் போவோம்னு."

"நீ என்ன சொன்ன?"

சுசீலா படியில் உட்கார்ந்தாள். "நாளைக்குன்னு சொன்னேன். பதினோரு நாளும் நாளைக்குன்னுதான் சொன்னேன். கீழ வந்து உங்கிட்டச் சொல்லணும்னு இருப்பேன். நீ அப்ரூவல் வந்துருச்சுன்னு அவ்வளவு சந்தோசமாச் சொல்லுவ. நான் எங்கிட்டுப் போயி சொல்ல?"

தேவிப்பிரியா அழுகிறாள் என்று தெரிந்தது. அழட்டும் என்றுதான் முதலில் தோன்றியது சுசீலாவுக்கு. அவ்வளவு கோபம் உள்ளே இருந்திருக்கிறது. ஆனால் மகள் அடுத்துச் சொன்னதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டாவது வாரமே டாக்டர் என்னைத் தனியாப் போன்ல கூப்பிட்டுச் சொன்னாரும்மா. இதுக்கு மேல பெருசா பலன் இருக்காது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க, வலி தெரியாம மருந்து தர்றோம்னாரு."

"எங்கிட்டச் சொல்லலியே நீ."

"எங்கம்மா தாங்க மாட்டாங்க டாக்டர், நீங்க பண்றதப் பண்ணுங்கன்னு நான்தான் சொன்னேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த மெசேஜ் வரும்போதெல்லாம் ஆபீஸ் பாத்ரூம்ல போயி அழுதுட்டு, மூஞ்சிய கழுவிட்டு, அப்புறம்தான் உனக்குப் போன் பண்ணுவேன். நீ கீழ தனியா உக்காந்திருப்பியே, உனக்காவது தைரியமா இருக்கட்டும்னு சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவேன்."

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மனுஷன் வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம் என்று கிடந்திருக்கிறான். தாய் மகளுக்காக வாயை மூடிக்கொண்டாள், மகள் தாய்க்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருவரில் யாராவது ஒருத்தி ஒரு நாள் கொஞ்சம் கல்நெஞ்சாக இருந்திருந்தால் அவன் தன் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடியிருப்பான். இத்தனை நாளும் மகள் மேல் வைத்திருந்த கோபம்தான் சுசீலாவை நிமிர்த்திப் பிடித்திருந்தது. இப்போது அதுவும் இல்லை. உடம்பு மொத்தமும் களைத்துப்போனது. நாயின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். போல்ட் ஒரு பெருமூச்சு விட்டது.

எதிர்ப்பக்கம் கஜபதி ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தான். கண்ணைத் துடைக்கிறாள் என்று கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

கிளினிக் கதவு திறந்தது. "ஆன்ட்டி, ஓடிபி டைம் முடிஞ்சிடுச்சு" என்றாள் காவ்யா. சுசீலாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "திரும்ப அனுப்பட்டுமா? இல்ல… நாளைக்கு வேணா வர்றீங்களா?"

"நாளைக்கு வேண்டாம்" என்றாள் சுசீலா. "இப்பவே போடு. என் நம்பருக்கு."

பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். காவ்யா அதை அடித்துக்கொண்டே உள்ளே போனாள். காதில் போன் இன்னும் இருந்தது. மகள் வைக்கவில்லை.

"அம்மா."

"சொல்லு பிள்ள."

"போதும்னு சொல்றதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் பண்ணும்மா. அப்ப நான் சிரிச்சுப் பேச மாட்டேன்."